மேற்கோள்
கணினி வலையமைப்பு ஆய்வாளர் ஒருவரைத் திருவனந்தபுரத்தில் ‘ஏராளமான மேற்கோள்கள் பெற்றவர்’ என்று அறிமுகப்படுத்தினார்கள். அவ்வளவு பொன்மொழியா சொல்லியிருக்கிறார் என்றார் நண்பர். அவர்மேல் தப்பில்லை. இங்கே மேற்கோள் என்று தமிழாக்கிய ஆங்கிலச் ‘சைட்டேஷன்’ லத்தீன் வேரில் அழைத்தல். நீதிமன்றத்துக்கு ஆளை வரவழைப்பதும் அதுவே. மேற்கோளோ ‘கொள்’ வழி வந்தது. தருக்கத்தில், நிறுவ எடுத்துக்கொண்ட கூற்றுக்கும் அது பெயர். நன்னூல் இலக்கணம் சொல்லும் ஏழு மதங்களில் (நூலாசிரியர் கொள்கைகளில்), பிறர் கருத்தை மேற்கொண்டு பிறகு களைவதும் ஒன்று. ஆய்வாளர் பெற்ற மேற்கோள்களை அளக்க இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் தந்த எச்-குறியீட்டுக்கு இந்த வேறுபாடெல்லாம் கிடையாது. தலா பத்து முறையாவது சுட்டப்பட்ட பத்துக் கட்டுரை இருந்தால் பத்து; கொண்டதும் களைந்ததும் ஒரே கணக்கு. ஆய்விதழ்களை மட்டும் எண்ணினால் இன்னும் மோசம்: இணைய நெரிசலைக் கட்டுப்படுத்துவது பற்றி வான் ஜேக்கப்சன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1988இல் ஒரு மாநாட்டில்தான் வெளிவந்தது; அப்படி எண்ணினால் அது கணக்கிலேயே வராது. சைட்டேஷனை மலையாளத்தில் ‘அவலம்பம்’ என்கிறார்கள், பற்றுக்கோடு. அழகுதான், ஆனால் களைய எடுத்ததைப் பற்றுக்கோடு என்பதா? எண்ணிக்கைக்கு எனக்குச் ‘சுட்டுகை’ போதும். மேற்கோளை, குறிகளுக்குள் வரும் வாசகத்துக்கே விட்டுவிடலாம்.