பாசிக்கு வேலை கொடுத்த கதை

கடல்நீர் மீன்தொட்டி பத்தி வர்ற மெசேஜ்ல முக்கால்வாசி ஒரே புலம்பல்தான். "தொட்டி வெச்சு மூணு வாரம்தான் ஆச்சு, மணல் முழுக்க பிரவுன் கலர். அதைத் துடைச்சா பாறை மேல பச்சையா முடி முளைக்குது. என்ன மருந்து ஊத்தலாம்?" கொளத்தூர் கடைக்காரங்களுக்கு மனப்பாடமான கேள்வி இது. இதுக்கு 'அக்ளி ஸ்டேஜ்'னு ஒரு பேரே வெச்சிருக்காங்க.

மருந்து பத்தி நான் பேசப்போறதில்லை. இந்தக் கேள்விக்கு வயசு 170 வருஷத்துக்கு மேல. முதன்முதலில் இதில் மாட்டியவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. ஏன்னா, தொட்டிக்குள்ள பாசியைக் கொண்டுவந்ததே அவங்கதான். வேணும்னே கொண்டுவந்தாங்க.

1846. ஆனா தின் என்ற பெண்மணி இங்கிலாந்தின் டார்க்கீ கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளங்களை லண்டனுக்கு எடுத்து வருகிறார். கடலோ ரொம்ப தூரம். இருக்கிற தண்ணீரிலேயே அவற்றைப் பிழைக்க வைக்க வேண்டும். தண்ணீருக்குள் காற்று கலந்தால்தான் அது நடக்கும். மோட்டார் பம்ப் எல்லாம் அப்போது கிடையாது. அதனால் வீட்டுப் பணிப்பெண் தினமும் திறந்த ஜன்னல் பக்கத்தில் நின்று, அரை மணி, முக்கால் மணி நேரம் அந்தத் தண்ணீரைப் பாத்திரம் மாற்றி ஊற்றிக்கொண்டே இருப்பார். நம்ம ஊர்ல டீ ஆத்துற மாதிரி. பிறகுதான் தின் தொட்டியில் கடல் தாவரங்களையும் சேர்த்தார். வெளிச்சம் பட்டால் அவை ஆக்சிஜன் விடும், கை வலிக்க ஊற்றும் வேலை குறையும். அந்தப் பணிப்பெண்ணின் வேலைக்குத்தான் பாசி வந்து சேர்ந்தது.

இதையே அறிவியலாக ஆக்கியவர் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர். 1849ல் சுமார் 12 கேலன், அதாவது 54 லிட்டர் பிடிக்கும் ஒரு கண்ணாடித் தொட்டியில் 2 தங்கமீன்கள், ஒரு நீர்ச்செடி. நல்ல தண்ணீர்தான், கடல்நீர் இல்லை. மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்ளும். கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. ஆனா கொஞ்ச நாள்ல இலைகள் அழுக ஆரம்பித்தன, தண்ணீர் கலங்கியது, கண்ணாடியில் பச்சை வழவழப்பு ஏறியது. ஆக, அக்ளி ஸ்டேஜ்!

வாரிங்டன் குளத்து நத்தைகள் சிலதைப் பிடித்துப் போட்டார். அவை அழுகலையும் வழவழப்பையும் தின்றன. நத்தை முட்டைகள் மீனுக்கு இரை ஆயின. இன்னைக்கு கடையில 'க்ளீன்-அப் க்ரூ'னு விக்கிறாங்களே, அந்த யோசனைதான் இது. 1852ல் கடல்நீருக்கு மாறியபோதும் அவர் இதே வழியில்தான் போனார்.

அடுத்தவர் ஃபிலிப் ஹென்றி காஸ். 1854ல் வந்த அவருடைய 'தி அக்வேரியம்' புத்தகத்துக்குப் பிறகு இங்கிலாந்து வரவேற்பறைகளில் கடல்நீர்த் தொட்டி ஒரு மோகமாகவே ஆகிவிட்டது. கண்ணாடி மீதான வரியை 1845லேயே எடுத்துவிட்டதும் இதற்கு உதவியது. கடல் நத்தை ஒன்று கண்ணாடியில் பாசியைச் சுரண்டித் தின்பதை காஸ் லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறார். அரம் போன்ற நாக்கு அது. போன இடமெல்லாம் அடுத்தடுத்து வளைவாகத் தடம் விழுந்திருக்கிறது. புல் அறுக்கிறவர் அரிவாள் வீச்சு மாதிரி இருக்கு என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

என்னைக் கேட்டால் காஸ் செய்த பெரிய காரியம் வேறு. லண்டனுக்குக் கடல்நீரைக் கொண்டுவருவது சிரமம் என்று, அதே 1854ல் சாப்பாட்டு உப்பு, எப்சம் உப்பு என நாலு உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் தயாரித்தார். தண்ணீர் ரெடி. ஆனால் உயிரினங்களை உடனே விடவில்லை. கூழாங்கல் பரப்பி, உல்வா போன்ற பச்சைப் பாசி ஒட்டிய கல் துண்டுகளை முதலில் போட்டு, ஒரு வாரம் போல வெறுமனே விட்டார். பாசியின் வித்துகள் தண்ணீரில் பரவட்டும், பிறகு மற்றவர்கள் வரட்டும் என்று. இன்றைக்குப் புதுத் தொட்டியில் பாக்டீரியா நிலைபெற வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறார்கள். பாக்டீரியாவின் பங்கு காஸுக்குத் தெரிய வழியில்லை, ஆனாலும் காத்திருந்தார். வெறும் பாறை, புது மணல், குழாய்த் தண்ணீரில் வரும் சிலிகேட், அளவுக்கு மீறிப் போடும் தீனி, நாள் முழுக்க எரியும் விளக்கு... இப்படி ஒரு காலி வீட்டுக்கு முதலில் குடிவருவது டயட்டம் என்ற அந்த பிரவுன் பாசி, பின்னாலேயே பச்சை. இடத்தைப் பிடிக்க வேறு ஆள் வரும்வரை அதுங்க ராஜ்யம்தான்.

வெளிச்சம் பெரிய பிரச்சினை. நாலு பக்கமும் கண்ணாடி, ஜன்னலோரத் தொட்டி, வெயில். பச்சை பூக்காமல் என்ன செய்யும்? கடலோரப் பாறைக் குட்டையில் வெளிச்சம் மேலிருந்துதானே விழுகிறது என்று, பின்பக்கம் சரிவான தொட்டி ஒன்றை வாரிங்டன் செய்தார். வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். லண்டனில் அக்வேரியக் கடை வைத்திருந்தவர், பின்னால் 1864ல் ஹாம்பர்க், 1871ல் லண்டன் கிறிஸ்டல் பேலஸ் எனப் பெரிய அக்வேரியங்களை உருவாக்கினார். அவருடைய முறையில் மக்கள் பார்க்கிற தொட்டிகளை விடப் பெரியது, யாரும் பார்க்காத இருட்டு நீர்த்தேக்கம். தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும். இருட்டில் மிதக்கும் பாசி வளராது, தண்ணீர் குளிர்ச்சியாகவும் இருக்கும். இன்னைக்கு தொட்டிக்குக் கீழே 'சம்ப்' வெக்கிறோம்ல, அதுக்கு இவரை மூதாதைனு சொல்லலாம்.

இதற்குப் பிறகு கதையை ஒரு நூறு வருஷம் தாண்டிவிடுகிறேன். 1980ல் வாஷிங்டன் ஸ்மித்சோனியனில் வால்டர் ஏடி ஒரு பவளப்பாறைத் தொட்டியைத் திறந்தார். தொட்டியில் பாசி வேண்டாமா? அப்ப வேற இடத்துல வளர்த்துடு. இதுதான் அவர் யோசனை. பக்கத்தில் ஆழமில்லாத தட்டு, அதில் வலை, அலையடிக்கும் தண்ணீர், பளீர் விளக்கு. பாசி அங்கே செழித்து, தண்ணீரில் உள்ள நைட்ரேட், பாஸ்பேட் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். அவ்வப்போது அறுத்து எடுத்துவிட வேண்டியதுதான். தொட்டிக்குள் இருக்கும் பாசிக்குத் தீனி கிடைக்காது.

இதே வேலைக்காகவும் அழகுக்காகவும் பலர் தொட்டியில் வளர்த்த பாசி, காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா. 1984ல் மொனாக்கோவில், கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே கடலுக்குள் அது ஒரு சதுர மீட்டர் அளவில் தென்பட்டது. அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியதரைக் கடலின் வடமேற்குக் கரையில் அது கடற்புல் வெளிகளை மூடிக்கொண்டு பரவியது. துண்டு விழுந்தாலே போதும், முளைத்துவிடும்.

2000ல் கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் கழிமுகத்தில் அதே பாசி. இந்த முறை காத்திருக்கவில்லை. டைவர்கள் இறங்கி, பாசித் திட்டுகளை ஒவ்வொன்றாகத் தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் பாரம் வைத்து, உள்ளே குளோரின் செலுத்தினார்கள். முழுசா ஒழிஞ்சதுனு அறிவிக்க 2006 ஆச்சு.