இரண்டு எழுத்துக்களும் ஒரு திறப்பும்

தொலைவில் உள்ள கணினியொன்றை நமது மேசையிலிருந்தே இயக்கவேண்டும் என்ற ஆசை இணையத்தோடு கூடவே பிறந்ததாகும்.

1969 ஒக்ரோபர் 29ஆம் திகதி, இரவு 10.30 மணி. லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்ளி கிளைன் என்ற மாணவர், ஸ்ரான்போர்ட் ஆய்வு நிறுவனத்தின் கணினிக்குள் நுழைவதற்காக ‘லொகின்’ என்ற சொல்லைத் தட்டச்சுச் செய்யத் தொடங்கினார். ‘எல்’ போய்ச் சேர்ந்தது. ‘ஓ’வும் போய்ச் சேர்ந்தது. அத்துடன் மறுமுனைக் கணினி செயலிழந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தின் பின்னரே முயற்சி கைகூடியது. ஆர்பாநெற் வலையமைப்பில் சென்ற முதற்செய்தி அந்த இரண்டு எழுத்துக்களே.

அந்நாட்களில் பயனர் முன்னால் இருந்தது கணினியன்று, வெறும் முனையமே. 1978இல் அமெரிக்காவின் டிஜிற்றல் நிறுவனம் வெளியிட்ட வீ.ரி. 100 என்ற முனையம், வரிக்கு 80 எழுத்தாக 24 வரிகளைத் திரையில் காட்டியது. சொந்தக் கணினிகள் பரவியபோது, அவற்றை அம்முனையம்போல் நடிக்கவைக்கும் மென்பொருட்கள் தோன்றின. 1981இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கோப்புகளை அனுப்புவதற்கென உருவான கெர்மிற்றும் பின்னர் இவ்வேடத்தைப் பூண்டது. வீ.ரி. 100 இன் கட்டளைக் குறிகளை லினக்ஸ் கணினிகளின் முனையச் சாளரங்கள் இன்றும் பின்பற்றுகின்றன.

வலையமைப்பில் இத்தொடர்பை நடத்திய நெறிமுறை ரெல்நெற். ஒருவரையொருவர் நம்பிய சிறு சமூகத்தில் அது வளர்ந்தது. ஆகவே கடவுச்சொல்லும் திறந்த அஞ்சலட்டைபோல் எவரும் படிக்கத்தக்கதாகவே பயணித்தது. 1995இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் எவரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடினர். அங்கு ஆய்வாளராக இருந்த தாத்து யுலோனென் இதற்கு மாற்றாக எஸ்.எஸ்.எச். என்பதை எழுதி, அவ்வாண்டு யூலையில் இலவசமாக வெளியிட்டார். ரெல்நெற்றின் வாயில் எண் 23. கோப்புப் பரிமாற்றத்துக்குரியது 21. இடையே வெறுமையாக இருந்த 22ஐ அவர் கேட்டுப் பெற்றார்.

எஸ்.எஸ்.எச். எல்லாவற்றையும் மறைகுறியாக்கி அனுப்புகிறது. ஆயினும் மறுமுனையில் இருப்பது நாம் தேடிய கணினிதானா? முதற்தடவை இணையும்போது, அக்கணினியின் திறப்புக்குரிய அடையாளக் குறியைக் காட்டி மென்பொருள் நம்மைக் கேட்கிறது. பெரும்பாலோர் அதனைப் பாராமலே ‘ஆம்’ என்கின்றனர். பொய்க் கணினி ஒன்று இடையில் புகுவதற்கு அந்த ஒரு கணமே போதும்.

சொன்னவர் யாரென்று உறுதிசெய்யாமல் எதனையும் அச்சுக்கு அனுப்பாதே என்பது பத்திரிகைத் தொழிலின் முதற்பாடம். கணினி முன் அமரும்போது மட்டும் அதனை நாம் மறக்கலாமா?