எதிரெதிரே உட்கார்ந்து

கணவனும் மனைவியும் ஓட்டலுக்குப் போய் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவது நம் ஊரில் மிகச் சமீபத்துப் பழக்கம். என் பாட்டி காலத்தில் வீட்டிலேயே அது கிடையாது. தாத்தா சாப்பிட்டு எழுந்ததும் அவருடைய இலையிலேயே பாட்டி உட்காருவார். அம்மா காலத்தில் இலை தனி இலையானது. ஆனால் நேரம் மட்டும் மாறவில்லை. அப்பா ஆபீசுக்குக் கிளம்பி, நாங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, அடுப்படியில் பலகைகூடப் போடாமல் அம்மா சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். அம்மா சாப்பிட்டு நான் பார்த்தது கல்யாணப் பந்திகளில்தான்.

இதையெல்லாம் நினைத்துப் பார்க்க எனக்குப் போன வருஷம் நிறைய நேரம் கிடைத்தது. மார்பில் கட்டி, அறுவை, அதற்குப் பிறகு கீமோ. நாக்கில் எதை வைத்தாலும் இரும்பு ருசி. வெள்ளணுக்கள் குறைந்திருந்ததால் வெளிச் சாப்பாட்டுக்குத் தடை. குழைந்த சாதம், காரமில்லாத ரசம், கடுகுகூடத் தாளிக்காத பருப்பு என்று மாதங்கள் ஓடின. எங்கள் வீட்டுக்காரர் தனக்கென்று தனியாக எதுவும் செய்துகொள்ளாமல் அதையேதான் சாப்பிட்டார். முணுமுணுக்காமல் சாப்பிட்டார் என்று சொன்னால் பொய். வைத்தியம் முடிந்து, “இனிமே வெளியில சாப்பிடலாம், சூடா இருக்கணும், அவ்வளவுதான்” என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். அதில் ஓட்டல் பெயர்களாக எழுதி வைத்திருந்தார். எல்லாம் சென்னையின் பழைய ஓட்டல்கள். சனிக்கிழமை தோறும் காலைக் கூட்டம் ஓய்ந்ததும் ஒன்று ஒன்றாகப் போகத் தொடங்கினோம். பிறந்தது திருவல்லிக்கேணி, வாழ்க்கைப்பட்டது மாம்பலம் என்பதால் எனக்கு இந்த ஓட்டல்கள் எல்லாம் பெயரளவில் பழக்கம். ஆனால் அவற்றில் எத்தனைக்குள் என் அம்மா காலெடுத்து வைத்திருப்பார் என்று யோசித்தபோதுதான் இந்தக் கட்டுரைக்கான விஷயம் கிடைத்தது.

சமைத்த சோற்றை விற்பதே பாவம் என்று எண்ணிய ஊர் இது. வழிப்போக்கனுக்குச் சத்திரம் இருந்தது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் போகும் பாதை நெடுகச் சத்திரங்களைக் கட்டி வைத்தார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி தன் அன்புக்குரிய முக்தாம்பாளின் பெயரால் எழுப்பியது இன்றும் நிற்கிறது. 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் கிளம்பிய பிறகு நிலைமை மாறியது. யாத்திரை போகிறவர்களோடு குமாஸ்தா வேலை தேடுகிறவன், கோர்ட்டு வழக்குக்காரன், கல்லூரி மாணவன் என்று தனி ஆண்கள் ஊர் ஊராகப் போனார்கள். வீட்டைவிட்டு வந்தவனுக்குக் காசு கொடுத்தால் சாப்பாடு கிடைக்க வேண்டும். காபி கிளப்பும் மெஸ்ஸும் அவனுக்காகப் பிறந்தவை. திருவல்லிக்கேணி மேன்ஷன்களும் அவற்றை ஒட்டிய மெஸ்களும் அந்த மரபின் மிச்சம். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆணின் பசிதான் தமிழ்நாட்டு ஓட்டல் தொழிலின் முதல் முதலீடு. பெண் அங்கே கணக்கிலேயே இல்லை. சமையல்கட்டிலும் ஆண், பரிமாறுவதும் ஆண், கல்லாவிலும் ஆண்.

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. தெருமுனையில் இட்லிப் பானை வைத்தும், திண்ணையில் ஆப்பச்சட்டி வைத்தும் விற்றவர்கள் எல்லாரும் பெண்கள். ஓட்டல் என்ற பெயர் வருவதற்கு முன்பே அந்த வியாபாரத்தை நடத்தியவர்கள் அவர்கள். கூலிவேலைக்குப் போன பெண்கள் அங்கே குந்தி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். ‘குடும்பப் பெண் வெளியில் சாப்பிடுவாளா’ என்ற கேள்வி, சாப்பிடாமல் வேலைக்குப் போகும் கட்டாயம் இல்லாத வீடுகளில் பிறந்த கேள்வி.

யார் எங்கே உட்காரலாம் என்பதில் பெண்ணுக்கு முன்பே சாதி வந்துவிட்டது. பிராமணர் நடத்திய காபி கிளப்புகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். தாழ்த்தப்பட்டவருக்கு உள்ளேயே இடமில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இந்தப் பிரிவினை இருந்தது. பெரியாரும் அவர் இயக்கத்தாரும் இதை எதிர்த்துத் தொடர்ந்து போராட, 1941-ல் ரயில்வே அதைக் கைவிட்டது. 1950-ல் வந்த அரசியல் சாசனத்தின் 15-ஆம் பிரிவு கடை, உணவு விடுதி, ஓட்டல் என்று பெயர் சொல்லியே, சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்றது. அப்படியும் பெயர்ப் பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல் தொங்கிக்கொண்டிருந்தது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் அந்தச் சொல்லை அகற்றச் சொல்லித் திராவிடர் கழகத்தார் மறியல் செய்தார்கள். நாள்தோறும் தொண்டர்கள் வந்து கைதாகிப் போனார்கள். மாதக்கணக்கில் நடந்த மறியல் அது. கடைசியில் சொல் போயிற்று. நான் வளர்ந்த பேட்டையில் நான் பிறப்பதற்குச் சற்று முன் நடந்த விஷயம் இது. காபி குடிக்க ஒரு நாற்காலி வேண்டும் என்பதற்கு ஒரு தலைமுறை சிறைக்குப் போயிருக்கிறது. கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

ஓட்டலை ‘கிளப் கடை’ என்ற நிலையிலிருந்து மேலே தூக்கியவர்கள் உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மடத்துச் சமையல்கட்டில் எடுபிடியாகத் தொடங்கிய கே. கிருஷ்ணராவ் சென்னைக்கு வந்து மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தி, 1938-ல் ராயப்பேட்டையில் ஒரு பெரிய பங்களாவை எடுத்து உட்லண்ட்ஸ் தொடங்கினார். 1952-ல் மயிலாப்பூரில் நியூ உட்லண்ட்ஸ் வந்தது. ராஜாஜி உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கியதும் அதே ஆண்டுதான். யுத்த காலத்திலிருந்து ரேஷன் அரிசியை அளந்து உலை வைத்த ஊர், மறுபடி வயிறாரச் சாப்பிட ஆரம்பித்த காலம். இலங்கையில் தொழில் பழகிய ஏ. எம். புஹாரி 1951-ல் மவுண்ட் ரோட்டில் தன் ஓட்டலைத் திறந்திருந்தார். 1954-ல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கே. சீதாராம ராவின் தாசப்பிரகாஷ் வந்தது. அதன் ஐஸ்கிரீமுக்காகவே குழந்தைகளை அழைத்துக்கொண்டு பலர் போனார்கள். குழந்தை உள்ளே போனால் தாயும் பின்னால் போய்த்தானே ஆக வேண்டும்? மனைவியை ஓட்டலுக்குள் கொண்டுவந்ததில் ஐஸ்கிரீமுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் துணிபு.

பெரும்பாலான வீடுகளில் அந்தக் காலத்திலும் ஓட்டல்தான் வீட்டுக்கு வந்தது. எடுப்புச் சாப்பாடு அடுக்குக் கேரியரில் வரும். மாதச் சம்பள நாளன்று அப்பா தோசை பார்சல் வாங்கி வருவார். வாழையிலை, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை நூல். நூலை அறுக்காமல் முடிச்சை அவிழ்த்து அம்மா உருண்டையில் சுற்றி வைப்பார். இலையைப் பிரித்தால் தோசை ஆவியில் வெந்து துவண்டு கிடக்கும். சட்னி ஓரத்தில் ஊறியிருக்கும். நாங்கள் பிய்த்துத் தின்ற பிறகு இலையில் ஒட்டிய மசாலாவை அம்மா வழித்துப் போட்டுக்கொள்வார். அப்பா அதே தோசையைக் கல்லிலிருந்து எடுத்த சூட்டில், மொறுமொறுவென்று, சர்வர் வைத்த நொடியில் சாப்பிட்டவர். அம்மா சாகும்வரை ஓட்டல் தோசை என்றால் துவண்ட தோசை என்றே நம்பினார். “வீட்டுல சுடுற மாதிரி மொறுமொறுன்னு அவனுக்கு வராது” என்பார். அப்பா ஒரு தடவையும் மறுத்துப் பேசியதில்லை.

1962-ல் கதீட்ரல் சாலையில் வந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இதற்கு ஒரு தந்திரமான விடை. வண்டியைவிட்டு இறங்க வேண்டாம், மரத்தடியில் நிறுத்தினால் தட்டு கார்க் கதவுக்கே வந்துவிடும். நாலு பேர் பார்க்க ஓட்டலில் உட்கார்ந்தாள் என்ற பேச்சு வராமல் மனைவி ஓட்டல் சாப்பாடு சாப்பிடலாம். காரில்லாதவர்களுக்கு உள்ளே செல்ஃப் சர்வீஸ் பக்கம் இருந்தது. மணிக்கணக்கில் காபியோடு உட்கார்ந்த பத்திரிகையாளர்களும் சினிமாக்காரர்களும் அங்கேதான் கூடினார்கள். 2008-ல் அது மூடப்பட்டது. 2010-ல் அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது.

கார் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? மற்றவர்களுக்கு வாய்த்தது ஃபேமிலி ரூம். எண்பதுகளின் நடுவில் கல்யாணமான புதிதில், சினிமா முடிந்து அவர் என்னை அழைத்துப் போனது அப்படி ஒன்றுக்குத்தான். ஹாலின் ஓரத்தில் பிளைவுட் தடுப்பு வைத்த அறைகள், ஒவ்வொன்றுக்கும் பச்சைத் திரை. உள்ளே ஒரு மேசை, நாலு நாற்காலி, தலைக்கு மேல் கடகடக்கும் ஃபேன். சர்வர் வெளியே ஒரு இருமல் இருமிவிட்டுத்தான் திரையை விலக்குவார். எனக்கு ஆர்டர் சொல்லும் வழக்கமில்லை. சர்வரும் என்னைக் கேட்கவில்லை, “அம்மாவுக்கு என்ன சார்?” என்று அவரைத்தான் கேட்டார். அந்த அறையைக் கேலி செய்கிறவர்கள் நிறைய. எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு. மாமியார், நாத்தனார், கொழுந்தன் என்று நிறைந்திருந்த வீட்டில் அவரும் நானும் முழுதாகப் பேசிக்கொள்ள ஒரு கதவு கிடையாது. இரண்டு ரவா தோசைக்கும் ஒரு காபி ஒன் பை டூவுக்கும் ஆகிற காசில் அரை மணி நேரத்துக்கு ஒரு அறையை அந்த ஓட்டல் எங்களுக்குக் கொடுத்தது. ஆனால் ஒரு பெண் வந்து சாப்பிடுகிறாள் என்பதை ஊரிடமிருந்து மறைத்து வைப்பதற்காகத்தான் அந்தத் திரை. அதையும் மறக்கக் கூடாது.

திரை எப்போது போனது என்று நாள் குறிக்க முடியாது. வேலைக்குப் போகும் பெண்கள் டிபன் டப்பா கொண்டுவராத நாட்களில் இரண்டு பேர், மூன்று பேராக ஓட்டலுக்குள் நுழைந்தார்கள். 1981-ல் கே.கே. நகரில் தொடங்கிய சரவண பவனும், அதன் வழியில் வந்த மற்றவைகளும் வெளிச்சமான ஹாலையும் பளபளக்கும் மேசையையும் கொண்டுவந்தன. இடம் வாடகைக் கணக்கில் வந்தபோது, தடுப்பை எடுத்தால் இன்னும் ஆறு பேர் உட்காரலாம் என்று முதலாளிகளும் கண்டுகொண்டார்கள். ஃபேமிலி ரூம் ஏ.சி. ஹாலாக மாறியது. சீர்திருத்தம் பேசாமல் நடந்த சீர்திருத்தம். மிலிட்டரி ஓட்டல்களிலும் பரோட்டாக் கடைகளிலும் இது இன்னும் மெதுவாகத்தான் நடந்தது.

எங்கள் சீட்டில் முதல் பெயர் திருவல்லிக்கேணி ரத்னா கபே. 1948-லிருந்து இருக்கிறது. தட்டில் இரண்டு இட்லி வரும். பின்னாலேயே சர்வர் ஜக்கோடு வந்து சாம்பாரை ஊற்றுவார், இட்லி முங்கும்வரை. ஸ்பூனால் வெட்டினால் பஞ்சுபோல் உள்ளே இழுத்துக்கொள்ளும். குறைந்ததும் கேட்காமலே இன்னொரு தடவை ஊற்றுவார். முதல் ஸ்பூனில் எனக்கு உப்பு தெரியவில்லை, புளி தெரியவில்லை. பெருங்காயம் மட்டும் எங்கேயோ தெரிந்தது. இரும்பு ருசிக்கு நடுவில் பெருங்காயம்! “ஏம்மா, காரமா இருக்கா?” என்றார் எதிரில் உட்கார்ந்தவர். “கொஞ்சம் பேசாம இருங்க” என்றேன். சர்வர் என் பக்கம் திரும்பி, “அம்மா, வேற என்ன கொண்டுவரட்டும்?” என்று கேட்டார்.

அதன்பின் மயிலாப்பூரில் மாடவீதிப் பக்கம், மவுண்ட் ரோடு, எழும்பூர் என்று போனோம். போகப் போக நாக்கு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தது. புளிப்பு சீக்கிரம் வந்தது, இனிப்பு தாமதம். என் அம்மா மறுத்த மொறுமொறு தோசையைக் கல்லிலிருந்து வந்த சூட்டில் பல இடத்தில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். அப்பாவின் பக்கம்தான் நியாயம்.

இந்தச் சுற்றில் கண்டதில் ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. புதிதாகத் திறக்கிற ஓட்டல்களில் நாற்காலி குறைந்துகொண்டே வருகிறது. இடுப்புயர மேசை நாலு, டோக்கன் வாங்கி, நின்றுகொண்டே சாப்பிட்டு, தட்டை வாளியில் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். கையேந்தி பவனில் நின்று சாப்பிடுவதில் எனக்குப் புகார் இல்லை. அந்த விலைக்கு அது நியாயம். நாற்காலி போட்ட ஓட்டலின் விலையை வாங்கிக்கொண்டு நிற்க வைப்பதுதான் புரியவில்லை. அப்படி ஒரு கடையில் பாதிப் பொங்கலோடு என் கால் நடுங்க ஆரம்பித்து, வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். அவர் தட்டைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். இன்னொரு பக்கம், கைப்பேசியில் தட்டினால் வீட்டுக்கே வருகிறது. அதே துவண்ட தோசை, நூலுக்குப் பதில் பிளாஸ்டிக் டப்பா.

ஓட்டல் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாடகை எனக்குத் தெரியும், கூட்டமும் தெரியும். நிற்கும் மேசைகளை எடுக்கச் சொல்லவில்லை. ஒரு ஓரத்தில், முதுகு சாயும்படியாக, எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்ட மேசை ஒன்றிரண்டு வையுங்கள். வாசல் படியில் ஒரு கைப்பிடி வையுங்கள். வயதானவர்களும் நோயிலிருந்து எழுந்தவர்களும் காசு கொடுத்துச் சாப்பிடத்தான் வருகிறோம்.