தொடக்கக் கல்வியிற் கொள்வினையும் கொடுப்பினையும்

தமிழ்நாட்டுத் தொடக்கக் கல்வி மேனாட்டார் அளித்த கொடை என்பர் ஒருசாரார்; மேனாட்டார்க்குக் கற்பிக்கும் முறையைத் தந்தோர் தமிழரே என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுள் எதனையும் முழுதும் கொள்ளுதற்குச் சான்றுகள் இடந்தரவில்லை. கொள்வினையும் கொடுப்பினையும் இருபாலும் நிகழ்ந்தன என்பதே நம் துணிபு. அதனை, முன்னாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியிருந்த அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியினின்று தொடங்கி ஆராய்வோம்.

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்திற்கு வடபால் அமைந்தது ஏலாக்குறிச்சி. இத்தாலி நாட்டில் 1680-இல் தோன்றிய வீரமாமுனிவர் இவ்வூரில் தங்கிப் பணியாற்றினார். இதற்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டுக் கலம்பகமும் பாடினார். சதுரகராதியை 1732-இல் தொகுத்த அவர் செய்த பணிகளுள் சிறாரின் ஏட்டுக்கு நெருங்கியது எழுத்துச் சீர்திருத்தமேயாம்.

தொல்காப்பிய நெறிப்படி எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும். நெடில்கள் புள்ளியின்றி நிற்கும். ஓலையில் புள்ளியிடும் வழக்கம் அருகியபோது, ‘மெல்’ என்பதும் ‘மேல்’ என்பதும் ஒரே வடிவில் நின்றன. பொருளை முன்னரே அறிந்தார்க்கு இஃது இடர் செய்யாது. எழுத்தின் வழியே பொருளை அறியப் புகும் சிறுவனுக்கும், மொழியைப் புதிதாகக் கற்கும் அயலார்க்கும் இது பெருந்தடையாம். அயலாராய் வந்து தமிழ் கற்ற முனிவர், நெடிலுக்குரிய கொம்பை மேலே சுழித்து வேறுபாடு செய்தார். அவர் தங்கிய ஊர்ப்பெயரின் முதலெழுத்தே எகரமோ ஏகாரமோ என ஐயுறற்குரியதாய் இருந்தது என்பது நினையத்தக்கது.

இனிக் கொடுப்பினையை நோக்குவோம். சென்னை எழும்பூர் ஆண்கள் அநாதை விடுதிப் பள்ளியை 1789 முதல் மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல், தமிழ்ச் சிறார் மணலில் விரலால் எழுதிப் பயிலுதலைக் கண்டார். அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார்; ஆசிரியர் இணங்காராக, மாணவனைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். இங்கிலாந்து மீண்டு 1797-இல் இம்முறையை நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயரொடு அஃது ஆங்கு ஏழைச் சிறார் பள்ளிகளிற் பரவியது.

மணலெழுத்தைத் தமிழ்ப் பள்ளியிற் கண்டதாகப் பெல்லே உரைத்தார். மாணவர் மாணவர்க்குக் கற்பித்தலையோ தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றார். ஆயின் நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடஞ் சொல்லுதல் வழக்காறு. கன்னட நாட்டு இக்கேரியில் சிறுவர் ஆசிரியரின்றித் தம்முட் கூடி மணலில் எழுதிக் கணக்குப் பயின்றதை 1623-இலேயே இத்தாலியரான பியத்ரோ தெல்லா வல்லே கண்டெழுதினார். கும்பினி இயக்குநர்களும் 1814-ஆம் ஆண்டு மடலில், பெல் வாயிலாக இங்கிலாந்தில் வழங்கலான முறை இந்திய ஆசிரியர்தம் முறையே எனக் குறித்தனர். ஆகலின் பெல்லின் கூற்றை முழுதும் ஏற்றல் அரிது. அவர் செய்த ஒழுங்கமைப்பை மறுத்தலும் முறையன்று.

கொடுத்த நாட்டில் பள்ளிகள் எந்நிலையில் இருந்தன? சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் கணக்கெடுக்கப் பணித்தார். திருச்சிராப்பள்ளி உள்ளிட்ட மாவட்டங்களின் அறிக்கைகளைத் தொகுத்து 1826-இல் அவர் எழுதிய குறிப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தமை காட்டும். அவருள் பெண்மக்கள் மிகச் சிலரே. இக்குறையை மறைத்துப் பழம்பள்ளியைப் புகழ்தல் ஆராய்ச்சியாகாது.

இருநிகழ்ச்சிக்கும் பொதுவாவது ஒன்றுண்டு: கற்பிக்க வந்தோர் முதற்கண் கற்போராயினர். முனிவர் தாம் கற்றவரிடத்தே தம் திருத்தத்தை விட்டுச் சென்றார். அது தமிழெழுத்தாகவே ஆகிவிட்டது. பெல் கண்டதைக் கொண்டு சென்றார். பெயரில் ‘சென்னை’ நிற்க, மணலில் எழுதிய சிறாரும் சட்டாம்பிள்ளையும் மறக்கப்பட்டனர். பள்ளிகளிடைப் பண்பாட்டுப் பரிமாற்றம் பேசப்படும் இந்நாளில், கொண்டது யாது, கொடுத்தவர் யார் என்னும் இரண்டையும் பாடநூலிற் பதிதல் வேண்டும். அரியலூர்ச் சிறுவன் தன் கைப்பட எழுதும் கொம்பின் சுழியிலிருந்தே அப்பாடத்தைத் தொடங்கலாம்.