கப்பற் பரிசோதனையின் வரலாறும் பொகவந்தலாவையும்

பொகவந்தலாவைக்கும் கடலுக்கும் யாது தொடர்பு எனப் பலர் வினவக்கூடும். நாற்புறமும் மலை சூழ, கெகல்கமு ஓயா பாயும் அப்பள்ளத்தாக்கிலே அலையோசை கேளாது, உப்புக்காற்று வீசாது. ஆயினும், ஆங்கு வாழும் தொழிலாளரின் முன்னோர் கடல் கடந்து வந்தோர். ஆங்கு விளையும் தேயிலையோ கடல் கடந்து செல்வது. வரவும் செலவும் கப்பலாலேயே ஆயின. அக்கப்பல்களின் காப்பினை ஆராயும் வழக்கம் எவ்வாறு தோன்றிற்று என்பதையும், ஆராய்ந்தோர் எதனை எண்ணினர், எதனை எண்ணாது விட்டனர் என்பதையும் ஈண்டு நோக்குவாம்.

பொகவந்தலாவைத் தூய மரியாள் ஆலய வளவிலே சாள்ஸ் ஹே கமரன், அவர்தம் மனைவியார் யூலியா மார்கரெட் கமரன் ஆகிய இருவரும் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். முன்னவர், கோல்புறூக்குடன் இலங்கையின் ஆட்சிமுறையை ஆராய்ந்து சீர்திருத்தம் உரைத்தவர். பின்னவர் புகைப்படக் கலையில் உலகப் புகழ் பெற்றவர். 1875இல் இங்கிலாந்திலிருந்து இவ்விருவரும் கப்பலேறியபோது தமக்கென இரு சவப்பெட்டிகளையும் உடன் கொணர்ந்தனர் என்பது பலரறிந்த செய்தி. 1879இல் மனைவியாரும் 1880இல் கணவரும் மறைந்தனர். கடலைக் கடந்து இவ்விடம் வந்தவருள் இத்துணை முன்னேற்பாட்டோடு வந்தவர் பிறர் இலர். தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தோருட் பலர்க்குச் சவப்பெட்டியுமில்லை, கல்லறையுமில்லை.

அவர்கள் வந்த வழியைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். இந்தியத் தொழிலாளர் கடல் கடந்து செல்லுதலை 1839இல் தடை செய்த அரசு, பின்னர் மொரிசியசு முதலிய தீவுகளுக்குச் செல்வதைக் கட்டுப்பாடுகளோடு அனுமதித்தது. ஒரு கப்பலில் எத்துணைப் பேர் ஏறலாம், எவ்வளவு நீரும் உணவும் எடுத்தல் வேண்டும் என்பனவற்றை அவ்விதிகள் வரையறுத்தன. 1847ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமோ இலங்கைக்குச் செல்வோரை அத்தடையினின்றும் நீக்கியது. நீக்கம் என்பது விடுதலை போலத் தோன்றும். ஆயின் தடை நீங்கியபோது அதனோடு காவலும் நீங்கிற்று. கடல் குறுகியது, பயணம் சிறிது, ஆதலின் மேற்பார்வை வேண்டா என்பதே அதன் உட்கருத்து. கங்காணியர் திரட்டிய மக்கள் இராமநாதபுரக் கரையின் சிறு துறைகளிலிருந்து நெருக்குண்டு மன்னாருக்கு வந்திறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். காட்டிலே வாந்திபேதியால் மாண்டோர் பற்றி நம்மவர் நிறையவே எழுதியுள்ளனர். கடலில் மாண்டோர் பற்றி எழுதியது குறைவு.

1864ஆம் ஆண்டில் ஏறத்தாழ 120 தொழிலாளருடன் வந்த ஆதிலட்சுமி என்னுங் கப்பல் கடலில் மூழ்கியது. தப்பியோர் மிகச் சிலரே. மலையக வரலாறு எழுதுவோர் இந்நிகழ்ச்சியை ஒரு வரியிற் கூறி அப்பாற் செல்வர். அவர்களைக் குறை கூறுதல் தகாது; ஒரு வரிக்கு மேல் எழுதுதற்கு ஆதாரம் அரிது. எண்ணிக்கை எஞ்சியது, பெயர்கள் எஞ்சவில்லை.

நிற்க, அதே காலத்தில் இங்கிலாந்திலும் கப்பல்கள் மூழ்கிக்கொண்டேயிருந்தன. பழுதுற்ற கப்பலிற் பாரத்தை மிகையாக ஏற்றி, அதன் மதிப்பினும் மேலாகக் காப்புறுதி செய்து அனுப்பிய முதலாளிமாரும் இருந்தனர். அத்தகைய கலங்களை மாலுமிகள் "சவப்பெட்டிக் கப்பல்" என்றழைத்தனர். இக்கொடுமையை எதிர்த்துப் பாராளுமன்றத்திலே போராடியவர் சாமுவேல் பிளிம்சோல் என்பார். அவர் முயற்சியால் 1876இல் எழுந்த சட்டம், ஒவ்வொரு கப்பலின் பக்கத்திலும் பாரக்கோடு ஒன்று தீட்டப்படல் வேண்டுமென விதித்தது. விந்தை யாதெனில், அக்கோட்டினை எவ்வுயரத்தில் தீட்டுவதென்பது கப்பலுடையானின் விருப்புக்கே விடப்பட்டது! புகைபோக்கியின்மேற் கோடு தீட்டிய தலைவனொருவனைப் பற்றிய கதையும் உண்டு. கோட்டின் இடத்தைச் சட்டமே நிலைநாட்டியது 1890இலேதான். பரிசோதகனில்லாத விதியின் பெறுமதி இவ்வளவே.

அதன் பின்னரும் எண்ணும் முறையிற் பிழை நீடித்தது. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் ஏறத்தாழ 2,200 பேர் இருந்தனர். அதன் உயிர்காப்புப் படகுகளோ 1,178 பேருக்கே போதுமானவை. இதிலே சட்டமீறல் யாதுமில்லை. 10,000 தொன்னும் அதற்கு மேலுமான கப்பலுக்கு 16 படகுகள் போதுமென்றது அக்கால விதி. அக்கப்பலில் 20 இருந்தன. பரிசோதகர் கப்பலின் தொன்னை எண்ணினார். அதிலுள்ள தலைகளை எண்ணவில்லை. 1914இல் இலண்டனிற் கூடிய நாடுகள் கடலில் உயிர்காத்தல் பற்றிய முதல் உடன்பாட்டிலே இதனைத் திருத்தின. போர் குறுக்கிட்டமையால் அது நடைமுறைக்கு வரவில்லை. 1929ஆம் ஆண்டின் உடன்பாடு பெரும்பாலும் பயணிகளையே கருதிற்று. சரக்குக் கப்பலின் மாலுமிகளுக்கெனக் காப்பு உபகரண அத்தாட்சிப்பத்திரம் ஏற்பட்டது 1948ஆம் ஆண்டின் உடன்பாட்டாலாகும். தேயிலை சுமந்த கப்பலிலே தேயிலைக்குக் காப்புறுதி இருந்த காலம் நெடிது. அதனைச் சுமந்தோரின் தலைக்குப் படகு எண்ணிய காலம் குறிது.

1960ஆம் ஆண்டின் உடன்பாட்டில் இப்பத்திரம் 24 மாதங்களுக்கு மேற்படாது செல்லுபடியாகும் என்றிருந்தது. 2000ஆம் ஆண்டு பெப்புருவரியில் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி ஐந்தாண்டு வரை வழங்கப்படுகின்றது. ஆனால் ஆண்டுதோறும் பரிசோதனை நிகழ்ந்து பத்திரத்திற் கையொப்பம் இடப்படல் வேண்டும். பரிசோதகர் காண்பன பல: படகும் அதனை இறக்கும் பொறியும், உயிர்காப்பு அங்கிகள், மிதவை வளையங்கள், தீயணைக்கும் பம்பிகள், ஆபத்து வேளையில் வானில் எய்யும் தீச்சுடர்கள், அவற்றின் காலாவதித் திகதி. வண்ணம் பலமுறை பூசப்பட்டு இறுகிப்போன ஒரு கொளுக்கி படகினைத் தொங்கியபடியே நிறுத்திவிடும். காற்றடைத்த மிதவைத் தெப்பங்கள், கப்பல் மூழ்குங்கால் நான்கு மீற்றர் ஆழத்துக்குள் தாமே விடுபடுமாறு நீரமுக்கத்தால் இயங்கும் ஒரு சிறு கருவியோடு பிணைக்கப்படுவன. கயிற்றைப் பிழையான வளையத்திற் கட்டியிருப்பின் தெப்பமும் கப்பலோடு அமிழும். இதனை அலுவலகத்திலிருந்து அறிதல் இயலாது. ஏறிச்சென்று கயிற்றைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும்.

இலங்கையில் 1971ஆம் ஆண்டின் 52ஆம் இலக்க வணிகக் கப்பற்றுறைச் சட்டம் இவற்றுக்கு அடிப்படையாயுள்ளது. கொழும்புக்கு வரும் பிறநாட்டுக் கப்பல்களையும் நம் பரிசோதகர் ஏறிப் பார்க்கலாம். எனினும் பத்திரத்துக்கும் எல்லையுண்டு. 2021ஆம் ஆண்டு மே 20இல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, யூன் மாதத்தில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் அவ்வாண்டிலேயே சேவைக்கு வந்த புதுக்கப்பல். அதிலிருந்த 25 மாலுமிகளும் உயிர்தப்பினர். ஆனால் கொள்கலனொன்றிற் கசிந்த நைத்திரிக்கமிலத்தைப் படகுக் கணக்கு தடுக்கவில்லை; கரையில் ஒதுங்கிய பிளாத்திக்கு மணிகளால் தொழிலிழந்த மீனவரின் தலைகள் எந்த உபகரணப் பட்டியலிலும் இடம்பெற்றனவல்ல.

இன்று நடைமுறையிலுள்ளது 1974ஆம் ஆண்டின் உடன்பாடு. அதன் முதலதிகாரத்திலே விதிவிலக்குகள் சில உள. போர்க்கப்பல்கள், மீன்பிடி கலங்கள், 500 தொன்னுக்குக் குறைந்த சரக்குக் கப்பல்கள், பொறியால் இயங்காத கலங்கள், பழைய முறையிற் கட்டிய மரக்கலங்கள் ஆகியன அவ்வுடன்பாட்டினுள் அடங்கா. தொழிலாளரை மன்னாருக்குக் கொணர்ந்த பாய்மரத் தோணிகள் இன்று மீண்டும் கடலில் இறங்கினாலும், இப்பத்திரம் அவற்றிடம் கேட்கப்படமாட்டாது.