முத்தம்மா தோற்ற வழக்கு

முத்தம்மா வழக்கில் முத்தம்மா தோற்றார். இதைச் சொன்னால் என் ஜூனியர்கள் நம்புவதில்லை. பெண் ஊழியருக்கு அநீதி என்று மனு எழுதும்போதெல்லாம் அவர்கள் முதலில் எடுத்துப்போடும் தீர்ப்பு அது. ஏ.ஐ.ஆர். 1979, உச்ச நீதிமன்றம், பக்கம் 1868. கடைசிப் பகுதியைப் படி என்பேன். மனு தள்ளுபடி என்றுதான் இருக்கும்.

சர்வீஸ் வழக்குகளிலேயே காலம் தள்ளிவிட்டவள் நான். பதவி உயர்வு, சீனியாரிட்டி, ரகசியக் குறிப்பேடு, இவைதான் என் அன்றாடம். அதனால் சி.பி. முத்தம்மாவை எல்லோரும் 'முதல் பெண் ஐ.எஃப்.எஸ்.', அதாவது வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி, என்று நினைவில் வைத்திருக்க, எனக்கு அவர் முதலில் ஒரு மனுதாரர்.

சோனிரா பெள்ளியப்பா முத்தம்மா 1924-இல் குடகில், விராஜ்பேட்டையில் பிறந்தவர். தந்தை வனத்துறை அதிகாரி. முத்தம்மாவுக்கு ஒன்பது வயதாகும்போது அவர் போய்விட்டார். நான்கு பிள்ளைகளையும் படிக்கவைத்தே தீருவேன் என்று நின்றவர் தாய். மடிக்கேரியில் பள்ளிப் படிப்பு. பிறகு சென்னை: நுங்கம்பாக்கத்து மகளிர் கிறித்துவக் கல்லூரி, அங்கிருந்து மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. 1948-இல் மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வில் வென்றார். அதுவரை எந்தப் பெண்ணும் அதில் தேறியதில்லை.

அடுத்தது நேர்முகத் தேர்வு. வெளியுறவுப் பணி வேண்டாம் என்று குழுத் தலைவரே தன் மனத்தை மாற்றப் பார்த்தார் என்று பின்னாளில் மனுவில் எழுதினார் முத்தம்மா. அவர் மாறவில்லை. 1949-இல் பணியில் சேரும்போது ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்: திருமணம் செய்துகொண்டால் வேலையை ராஜினாமா செய்துவிடுகிறேன்.

அதே 1949-இல் மாஸ்கோவில் இந்தியத் தூதராக இருந்துவிட்டு வாஷிங்டனுக்குத் தூதராகப் போனார் விஜயலட்சுமி பண்டிட். மூன்று பெண்களுக்குத் தாய், கணவரை இழந்தவர். பிரதமரின் தங்கை தூதராகக் குடும்பம் குறுக்கே நிற்கவில்லை. பரீட்சை எழுதித் தேறிய பெண்ணுக்கு மட்டும் இனிமேல் வரப்போகும் குடும்பமும் தடை. பண்டிட்டின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அரசாங்கத்தின் கணக்கைத்தான் சொல்கிறேன்.

இந்தக் கணக்கு பிரிட்டிஷாரிடம் வாங்கிய சரக்கு. அவர்களுடைய வெளியுறவுத் துறை 1946 வரை பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்கவே இல்லை. சேர்த்த பிறகும், மணமானால் வெளியேற வேண்டும் என்ற தடையை எடுக்க 1970-கள் ஆயின. உள்நாட்டுப் பணியிலும் இதே கதைதான். சென்னை மாகாணத்துக்கு வந்த முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி அன்னா ராஜம் ஜார்ஜுக்கு சப்-கலெக்டர் பதவி தர முதலமைச்சர் ராஜாஜி தயங்கினார். அந்த அம்மா விடாமல் வாதாடி ஓசூருக்குப் போனார். அவருடைய நியமன உத்தரவிலும் திருமண நிபந்தனை உண்டு.

ஆனால் 1950-இலேயே நமக்கு அரசியலமைப்புச் சட்டம் வந்துவிட்டது. அரசுப் பணியில் ஆண், பெண் என்று பேதம் பார்க்கக் கூடாது என்று 16-ஆவது பிரிவு பச்சையாகச் சொல்கிறது. அதற்குப் பதினொரு வருடம் கழித்து, 1961-இல், வெளியுறவுப் பணிக்கு விதிகள் எழுதினார்கள். நடத்தை விதி 8(2): பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசின் எழுத்துமூல அனுமதி பெற வேண்டும், மணமான பின், குடும்பப் பொறுப்புகள் அவருடைய வேலைக்கு இடைஞ்சலாகும் என்று அரசு கருதினால் எப்போது வேண்டுமானாலும் ராஜினாமா செய்யச் சொல்லலாம். நியமன விதி 18(4): மணமான பெண் எவரும் இந்தப் பணியில் நியமனத்தை உரிமையாகக் கேட்க முடியாது. ஆண் அதிகாரியின் குடும்பப் பொறுப்பு பற்றி ஒரு வரி கிடையாது.

இந்த விதிகளின் கீழேதான் முத்தம்மா வேலை பார்த்தார். பாரிஸ், ரங்கூன், லண்டன், டில்லியில் பாகிஸ்தான், அமெரிக்கப் பிரிவுகள். 1970-இல் ஹங்கேரிக்குத் தூதர். பணியில் சேர்ந்து படிப்படியாக வந்து தூதரான முதல் இந்தியப் பெண் அவர்தான். அடுத்து கானா. கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

அதன் பிறகு முதல் கிரேடு பதவி உயர்வுக்கான பரிசீலனை வந்தது. தகுதி போதாது என்று ஒதுக்கினார்கள். அவருக்கு இளையவர்கள் சிலர் மேலே போனார்கள். பணியில் இருக்கும் தூதர் ஒருவர் தன் அரசாங்கத்தின் மீதே ரிட் மனு போட்டார். காரணம் தகுதியல்ல, நான் பெண் என்பதுதான் என்றார். கூடவே அந்த இரண்டு விதிகளையும் நீதிமன்றத்தின் முன் வைத்தார். இது ஒரு வக்கீலின் கண்ணுக்கு அழகான வேலை. பாரபட்சம் அதிகாரிகளின் மனத்தில் இருந்ததாக நிரூபிப்பது கடினம். அச்சிட்ட விதிப் புத்தகத்தில் இருப்பதை யார் மறுக்க முடியும்?

மனு நிலுவையில் இருக்கும்போதே அரசு அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. நெதர்லாந்துத் தூதராக ஹேக் நகரிலும் அமர்த்தியது. எங்கள் கோர்ட்டில் இதை 'இன்ஃப்ரக்ச்சுவஸ் ஆக்குவது' என்போம். கேட்டதைக் கொடுத்துவிட்டு, மனுவில் இனி ஒன்றுமில்லை, முடித்துவிடுங்கள் என்பார்கள். என் கட்சிக்காரர்கள் பலருக்கும் நடந்திருக்கிறது. அரசுக்காக வந்த சொலிசிட்டர் ஜெனரல் சோலி சொராப்ஜி, விதி 18(4) நீக்கப்பட்டாயிற்று, 8(2)-உம் போகிறது என்றும் தெரிவித்தார்.

மனுவை ஓசையில்லாமல் மூடியிருக்கலாம். நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் மூடவில்லை. அவர் பாலக்காட்டுக்காரர், தலச்சேரியில் வக்கீலாக இருந்தவர், கேரளத்தில் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் மந்திரி. அவருடைய ஆங்கிலத்தைப் படிக்க அகராதி பக்கத்தில் வேண்டும், ஆனால் இந்தத் தீர்ப்பில் கேள்வி எளிமையானது. பெண் அதிகாரியின் குடும்பம் வேலைக்குக் குறுக்கே வரும் என்றால் ஆண் அதிகாரியின் குடும்பம் வராதா? அந்த விதிகளை எடுத்துவைத்து வெளுத்து வாங்கினார். இளையவர்கள் முந்திக்கொண்ட சில மாதங்களால் இழந்த சீனியாரிட்டியை மறுபரிசீலனை செய்யச் சொன்னார். மனுவைத்தான் தள்ளுபடி செய்கிறோம், பிரச்சினையை அல்ல என்றும் எழுதினார்.

அவரை முழுதாகப் புகழவும் எனக்கு மனம் வரவில்லை. எல்லா வேலையிலும் எல்லாச் சூழலிலும் ஆணும் பெண்ணும் சமம் என்று தாங்கள் அறுதியிட்டுச் சொல்லவில்லை, சில இடங்களில் பேதம் தேவைப்படலாம் என்று போகிறபோக்கில் ஒரு வாசலைத் திறந்துவைத்தார். இரண்டே வருடத்தில், 1981-இல், நர்கேஷ் மிர்சா வழக்கில் வேறு நீதிபதிகள் முன் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வந்து நின்றார்கள். முதல் கர்ப்பத்தோடு வேலை போகும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முதல் நான்கு வருடம் திருமணம் கூடாது என்ற விதியைச் செல்லும் என்றது.

முத்தம்மா 1982-இல் ஓய்வு பெற்றார். ஸ்வீடன் தலைவர் ஓலோஃப் பால்மே தலைமையிலான ஆயுதக் குறைப்பு ஆணையத்தில் இந்திய உறுப்பினராக இருந்தார். நிர்வாக அமைப்பைச் சாடி ஒரு புத்தகம், குடகுச் சமையலைப் பற்றி வேறு இருவரோடு சேர்ந்து ஒரு புத்தகம். 2009 அக்டோபரில் பெங்களூரில் காலமானபோது நாட்டின் வெளியுறவுச் செயலர் நிருபமா ராவ், அந்தப் பதவிக்கு வந்த இரண்டாவது பெண்.

ஐ.எஃப்.எஸ். தேர்வுக்குப் படிக்கும் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். 'முதல் பெண் யார்' என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்கு அவர் பெயரை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாதீர்கள். தீர்ப்பு சில பக்கங்கள்தான், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் விதி 8(2)-ஐப் படியுங்கள், பிறகு தீர்ப்பைப் படியுங்கள்.