மேகத்திற்கு மேலே ஒரு மின்னல்

பிரிஞ்சாங் மலையுச்சி கடல் மட்டத்திற்கு 2,000 மீட்டருக்கும் மேலே உள்ளது. அதன் சரிவுகளில் தேயிலை வளர்கிறது. இடிமழை பயிருக்கு உரம் என்பர் தோட்டத்துப் பெரியவர்கள். அது வெறும் நம்பிக்கை அன்று. 1785இல் ஹென்றி காவெண்டிஷ் காற்றினூடே மின்பொறியைச் செலுத்தி, நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி அமிலமாதலைக் காட்டினார். மின்னல்கள் இவ்வாறு பிணைக்கும் நைட்ரஜன் உலகெங்கும் ஆண்டுக்கு ஏறக்குறைய 50 இலட்சம் டன் எனக் கணித்துள்ளனர். ஆயினும் அதை நம்பி உர மூட்டையைக் கைவிட்ட தோட்டம் இல்லை!

இது மேகத்திற்குக் கீழே நடப்பது. மேலே நடப்பது யாது?

1895இல் ஸ்காட்லாந்து மலையொன்றில் சி. டி. ஆர். வில்சன் என்னும் இளைஞர் நின்றிருந்தார். இடிமேகம் நெருங்கவே அவர் தலைமயிர் சிலிர்த்தெழுந்தது. பின்னர், 1920களில், அவர் ஒரு கணக்கிட்டார். இடிமேகத்தின் மின்புலம் உயரே செல்லச் செல்லக் குறைகிறது. காற்றின் அடர்த்தியோ அதனினும் விரைவாகக் குறைகிறது. ஆகவே ஓர் உயரத்தில் மெலிந்த காற்று அம்மின்புலத்தைத் தாங்கமாட்டாது ஒளிவிடவேண்டும். அத்தகைய ஒளியைக் கண்டதாக விமானிகள் சிலர் கூறியும் அறிஞர் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1989 ஜூலையில் மின்னெசோட்டா பல்கலைக்கழகத்தார் ஒரு காமிராவைச் சோதித்தபோது அது தற்செயலாகப் படத்தில் விழுந்தது. வில்சன் இறந்து அப்போது ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அச்செந்நிற ஒளி 50 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் சில மில்லி விநாடிகளே நிற்கும். அது நைட்ரிக் ஆக்சைடைப் பிறப்பிக்கிறது; எனினும் உலகளவில் அதனால் பெரிய மாறுதல் இல்லை என்றே அளவைகள் காட்டுகின்றன. மேகத்தலையிலிருந்து மேல்நோக்கிப் பாயும் நீல ஒளியின் செய்தி வேறு. அது பாய்வது ஓசோன் படலத்தினுள். நைட்ரிக் ஆக்சைடு ஓசோனிடமிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பறித்து, அதை மற்றோர் ஆக்சிஜன் அணுவிடம் விட்டு, தான் பழையபடியே மீள்கிறது, மீண்டும் பறிக்கிறது. இவ்வினை ஓசோனின் அளவைக் கட்டுப்படுத்துவதை 1970இல் பால் குருட்சன் விளக்கினார். ஆனால் நீல ஒளியின் மின்பொறிகள் ஓசோனையும் உண்டாக்கவல்லவை. அழிப்பது மிகுதியா, ஆக்குவது மிகுதியா என்பதே வழக்கு.

2015 செப்டம்பரில் விண்வெளி நிலையத்திலிருந்து ஆண்ட்ரியாஸ் மோகென்சன் வங்காள விரிகுடா மீது எழுந்த இடிமேகத்தைப் படமெடுத்தார். 160 விநாடிகளில் 245 நீல மின்வெட்டுகள்! ஒன்று 40 கிலோமீட்டர் உயரம் வரை பாய்ந்தது. சென்னையும் நாகையும் எதிர்நோக்கும் அதே கடல்தான் அது. வெப்பமண்டல மேகங்களே இவ்வளவு உயர்ந்து எழுகின்றமையால் இவ்வழக்கின் சாட்சிகளை நம் வானத்திலேயே தேடவேண்டும். அத்தேட்டத்திற்கென ஐரோப்பியர் அமைத்த கருவி 2018 ஏப்ரலில் அந்நிலையத்தின் வெளிப்புறத்தில் பொருத்தப்பட்டது.